தாயகம் திரும்பியோர்: குடியுரிமைச் சொற்களில் உறையும் முற்கோள்கள்

1. முன்னுரை

சட்டச் சொல் ஒன்றை மொழிபெயர்க்கும்போது இரண்டு வினாக்கள் வழக்கமாக எழுப்பப்படுகின்றன. மூலச்சொல்லின் பொருள் பெயர்ப்புச்சொல்லில் முழுமையாக வந்துள்ளதா என்பது ஒன்று. அது படிப்போர்க்கு விளங்குமா என்பது மற்றொன்று. மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அச்சொல் எதனை நிறுவாமலேயே உண்மையெனக் கொண்டுவிடுகிறது என்பதே அது. இவ்வாறு சொல்லுக்கு முன்பே ஏற்கப்பட்டுவிடும் கருத்தினை முற்கோள் எனலாம். 'கண்ணன் மீண்டும் கடன் வாங்கினான்' என்ற தொடரும் 'கண்ணன் மீண்டும் கடன் வாங்கவில்லை' என்ற தொடரும் ஒன்றையொன்று மறுப்பவை. எனினும், அவன் முன்பொரு முறை கடன் வாங்கியவன் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. தொடரை மறுத்தாலும் முற்கோள் மறுக்கப்படுவதில்லை.

சட்டத்தில் இவ்வியல்பு விளைவு மிக்கது. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்று சொல்லின் வடிவிலேயே மெய்ப்பிக்கப்பட்டதாகிவிட்டால், பின்னர் வாதிட இடமில்லை. இலங்கையின் மலையகத் தமிழர் வரலாறு இதற்குத் தக்க சான்று. சட்டத்திற்கு உட்பட்டு அழைத்துவரப்பட்டு, தலைமுறைகளாக ஒரு நாட்டில் வாழ்ந்த ஒரு மக்கட்பிரிவினர் குடியுரிமை பெற இயலாமல் அந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த வரலாறு அது. அவ்வரலாற்றில் பயின்றுவரும் முதன்மையான சொற்களின் பொருளையும் முற்கோளையும் விளக்கி, மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்னணி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பிரித்தானியரின் காப்பித் தோட்டங்களுக்கும், நோயினால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். கங்காணிகள் ஆள்சேர்த்தனர். 20ஆம் நூற்றாண்டில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின் பதிவுடன் தொழிலாளர் கடல் கடந்தனர். இவர்களது வருகை சட்டத்திற்கு உட்பட்டது என்பதை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும்.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியபோது, நிபந்தனைகளுடன் இவர்களுள் ஒரு பகுதியினரும் அதனைப் பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் சௌ. தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை முதலியோர் மலையகத் தொகுதிகளிலிருந்து நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக்கிய அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து இம்மக்களுள் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்கும் அற்றவராக்கின.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி உடன்பாடு, குடியுரிமையற்றோர் 9,75,000 பேர் எனக் கொண்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது வகுத்தது. எஞ்சியோரை இரு நாடுகளும் 75,000 பேராகப் பங்கிட்டுக்கொள்ள 1974இல் முடிவாயிற்று. உரிய மக்களின் கருத்து கேட்கப்படாமலேயே இப்பங்கீடு நிகழ்ந்தது.

3. குடி, பிரஜை, புரவெசி

தமிழகத்தில் 'குடியுரிமை' என வழங்குவதை இலங்கைத் தமிழர் நெடுங்காலமாகப் 'பிரஜாவுரிமை' என்றே வழங்கி வந்துள்ளனர். ஆவணங்களில் 'பிரசாவுரிமை' என்ற வடிவமும் உண்டு. 'பிரஜா' என்ற வடசொல்லுக்கு மகவு, வழித்தோன்றல் என்பன முதற்பொருள். ஆளப்படுவோர் என்பது அதனின்று விரிந்த பொருள். மன்னனின் மக்கள் என்ற உருவகம் இவ்விரிவுக்கு வழிசெய்தது. ஆகவே பிறப்பு என்னும் கூறு இச்சொல்லில் இயல்பாகவே அமைந்துள்ளது.

'குடி' என்ற தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பு வேறு. இல்லம், குடும்பம், குலம், ஊரில் வாழ்வோர், ஆளப்படுவோர் ஆகிய பொருள்கள் அதனுள் அடங்கும். குடிப்பிறப்பு என்னும்போது மரபும், குடியிருப்பு, குடிபுகுதல், குடியேற்றம் என்னும்போது வாழிடமும் முன்னிற்கின்றன. ஓரிடத்தில் குடிபுகுந்தவர் காலப்போக்கில் அவ்விடத்துக் குடியாவார் என்ற கருத்து இச்சொற்குடும்பத்திலேயே உள்ளது. மரபினாலும் குடியாகலாம், வாழ்வதாலும் குடியாகலாம்.

சிங்களத்தில் குடிமகனைக் குறிக்கும் 'புரவெசி' என்பது புரம், வாசி என்னும் இரு கூறுகளால் ஆனது. நகரில் வசிப்பவர் என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலச் சொல்லும் நகரம் என்பதன் அடியாகப் பிறந்ததே. ஆக, இலங்கையில் வழங்கும் மூன்று மொழிகளிலும் குடியுரிமைச் சொற்களுள் வாழிடக் கூறு இடம்பெற்றிருக்க, 1948ஆம் ஆண்டுச் சட்டம் மரபுக் கூற்றையே அடிப்படையாகத் தேர்ந்துகொண்டது. வாழிடத்தைக் கருதும் பதிவுமுறை தனி வாயிலாக, அதுவும் குறுகிய வாயிலாக அமைந்தது.

இதன் விளைவாகப் 'பரம்பரைப் பிரஜை', 'பதிவுப் பிரஜை' என்னும் இருவகைப் பெயர்த்தொடர்கள் தோன்றின. இலக்கண நோக்கில் இவை இணையான அமைப்புடையவை. வழக்கிலோ இரண்டாவது தொடரின் அடைமொழி ஒருவரை அவருடைய அண்டைவீட்டாரிடமிருந்து பிரித்துக்காட்டும் குறியாயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பு, எல்லாக் காரியங்களுக்கும் இலங்கைக் குடிமகன் என்ற ஒரே பெயரால் மட்டும் அனைவரும் குறிக்கப்படுதல் வேண்டும் என வகுத்தது. ஓர் அடைமொழியை நீக்குவதற்கு அரசியலமைப்பின் உறுப்பே வேண்டியிருந்தது என்பது அவ்வடைமொழியின் வலிமையைப் புலப்படுத்தும்.

4. பாட்டனும் பூட்டனும்

மரபுவழிக் குடியுரிமைக்கு, இலங்கையில் பிறந்தவரிடமும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு தகுதியை வேண்டியது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் தந்தைவழிப் பூட்டனும் ஆகிய இருவரும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். வெளியே பிறந்தவராயின் நிபந்தனை இன்னும் கடுமையானது.

இங்கு உறவுமுறைச் சொற்கள் கருதத்தக்கன. தமிழில் பாட்டன், தாத்தா என்னும் சொற்கள் தந்தையின் தந்தையையும் தாயின் தந்தையையும் வேறுபாடின்றிக் குறிக்கும். 'உன் பாட்டன் இந்நாட்டில் பிறந்தவரா?' என வினவினால், தாயின் தந்தையை எண்ணி 'ஆம்' என விடை கூறுவது தமிழ் வழக்கிற்கு ஒத்த விடையே. சட்டத்தின் முன் அது விடையாகாது. தாய்வழியில் மூன்று தலைமுறையினர் அம்மண்ணிலேயே பிறந்திருப்பினும் அது சான்றாகாது. 'தந்தைவழி' என்னும் அடையை விட்டுவிடும் மொழிபெயர்ப்பு, சட்டத்தின் கடுமையையே மறைத்துவிடும். இதற்கு மாறாக, வெளிநாட்டில் வாழும் இந்திய வமிசாவளியினரைப் பற்றிய இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு பெற்றோருள் எவரேனும் ஒருவர், பெற்றோரின் பெற்றோருள் எவரேனும் ஒருவர் எனப் பால் வேறுபாடின்றி வகுத்திருத்தல் ஒப்புநோக்கற்குரியது.

சான்று பற்றிய சிக்கலும் சொல்லோடு தொடர்புடையது. பாட்டன், பூட்டன் காலத்தில் பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் எல்லோரிடத்தும் பரவியிருக்கவில்லை. தமிழ்ப் பெயர்மரபில் குலப்பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குத் தொடர்வதில்லை. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு வடிவிலும் மற்றோர் ஆவணத்தில் வேறு வடிவிலும் அமைவது எளிது. மூன்று தலைமுறைத் தொடர்ச்சியை இத்தகைய பெயர்களைக்கொண்டு நிறுவுமாறு கோருவது, அப்பெயர்மரபு அறியாத ஒன்றை அதனிடம் கோருவதாகும்.

சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இடம்பெறவில்லை. கோடாகன் பிள்ளை வழக்கில் 1953ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் இச்சட்டங்களைச் செல்லுமென ஏற்றுக்கொண்டது. சொற்பொருள் அளவில் அனைவர்க்கும் பொதுவான நிபந்தனை, பயன்பாட்டில் ஒரு சாராரையே சென்று சேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. பாட்டன், பூட்டன் பிறந்த இடத்தைப் பற்றி எவரும் ஐயுறாதவரிடம் சான்று கேட்கப்படுவதில்லை. ஐயம் எவரை நோக்கி எழுகிறதோ அவரே சான்று காட்ட வேண்டியவராகிறார்.

5. நிலைத்த ஈடுபாடும் சொந்த ஊரும்

பதிவுவழிக் குடியுரிமைக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் இடையறாது வாழ்ந்த காலத்தை அளவுகோலாக்கியது. மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு என்பது அளவு. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு வரை இரண்டு ஆண்டுக்காலம் தரப்பட்டது. ஏறத்தாழ 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் வந்தன. குடியுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இம்மக்களுக்கு நாட்டின்மீது 'நிலைத்த ஈடுபாடு' உண்டா என்னும் வினா அக்கால விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுந்தது. ஈடுபாடு என்பது மனத்தின் நிலை. அதனை அளக்க இயலாதபோது புறச்செயல்களே அளவுகோலாகின்றன. உறவினரைக் காணத் தமிழகம் சென்று வருதலும், அவர்க்குப் பணம் அனுப்புதலும் ஈடுபாடின்மைக்கு அடையாளங்களாகக் காட்டப்பட்டன.

தமிழ் வழக்கு ஒன்றையும் இங்கு நோக்க வேண்டும். 'சொந்த ஊர் எது?' என்ற வினாவுக்குத் தமிழர் பலர் தாம் வாழும் ஊரைக் கூறுவதில்லை. குலதெய்வமோ முன்னோர் நிலமோ உள்ள ஊரைக் கூறுகின்றனர். மூன்று தலைமுறையாகச் சென்னையில் வாழ்பவரும் தம் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று என்பார். அவர் சென்னையை விட்டுச் செல்லப்போகிறார் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. அட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் ஒருவர் தம் சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்று கூறினால், அதுவும் முன்னோரை நினைவுகூர்வதே. அதனைத் திரும்பிச்செல்லும் எண்ணமாகப் பெயர்த்துக்கொள்வது பண்பாட்டுப் பொருளை எண்ணப் பொருளாக மயங்கிக்கொள்வதாகும்.

6. நாடற்றவர்

இலங்கைக் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் இந்தியர் என்பது இலங்கை அரசின் நிலைப்பாடு. இந்தியாவோ, தன் தூதரகத்தில் பதிவுசெய்துகொண்டாலன்றி அவர்கள் தன் குடிமக்கள் ஆகார் எனக் கருதியது. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையில் நின்றோரைக் குறிக்க 'நாடற்றவர்' என்ற சொல் வழங்கலாயிற்று. சி.வி. வேலுப்பிள்ளையின் நூலொன்று 'நாடற்றவர் கதை' என்றே பெயர்பெற்றுள்ளது.

1954ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, எந்த அரசும் தன் சட்டத்தின்படி தன் குடிமகனாகக் கருதாத ஒருவரையே இவ்வகையில் அடக்குகிறது. அதாவது குறை அரசுக்கும் அவருக்கும் உள்ள சட்டத் தொடர்பில் உள்ளது. தமிழில் 'நாடு' என்பது அரசையும் நிலப்பரப்பையும் ஒருசேரக் குறிப்பதால், நாடற்றவர் என்னும் சொல் வாழ நிலமற்று அலைவோரைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. மலையகத் தமிழர் நிலமற்று அலைந்தவரல்லர். பிறந்த லயத்திலேயே வாழ்ந்து, அதே தோட்டத்தின் செக்ரோலில் நாள்தோறும் பெயர் பதியப்பெற்றவர்கள் அவர்கள். நாடு அவர்களுக்கு இருந்தது. அந்நாட்டின் ஏட்டில்தான் அவர்கள் பெயர் இல்லை. ஆகையால் சட்டநூல் மொழிபெயர்ப்பில் 'எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றவர்' என விரித்துரைப்பது பொருந்தும்.

7. தாயகம் திரும்பியோர்

உடன்பாட்டின்படி இந்தியா வந்தவர்களைத் தமிழக ஆட்சித்தமிழ் 'தாயகம் திரும்பியோர்' எனக் குறித்தது. பர்மாவிலிருந்து வந்தோருக்கும் இதே பெயர் வழங்கியது. இத்தொடரில் மூன்று முற்கோள்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, 'தாயகம்' என்ற சொல் இந்தியாவே இவர்களது தாய்நாடு எனக் கொள்கிறது. இதுவே இரு அரசுகளுக்கும் இடையே வழக்காக இருந்த வினா. சொல் அவ்வினாவுக்கு விடைகூறாமல், விடை முன்பே தெரிந்தது போல நடந்துகொள்கிறது. 'அவர் இன்னும் தாயகம் திரும்பவில்லை' என மறுத்துக் கூறினாலும் தாயகம் இந்தியாவாகவே நிற்கிறது.

இரண்டாவது, 'திரும்பு' என்ற வினை, ஓரிடத்தை விட்டுச் சென்றவர் மீண்டும் அவ்விடம் வருதலைக் குறிக்கும். இலங்கையில் பிறந்து, இந்தியாவை ஒருமுறையும் காணாத ஒருவர் முதன்முறையாக இராமேசுவரத்தில் இறங்கும் செயலுக்கு இவ்வினை பொருந்தாது. அவருடைய முன்னோர் சென்றனர், அவர் வந்தார். சென்றவரும் வந்தவரும் ஒருவரே எனக் கொண்டால்தான் 'திரும்பினார்' என்பது பொருந்தும். தனிமனிதரை மறைத்து மரபினை வினைமுதலாக்கும் இவ்வழி, 1948ஆம் ஆண்டுச் சட்டம் பின்பற்றிய வழியே.

மூன்றாவது வினையின் வகை பற்றியது. தமிழில் திரும்பு – திருப்பு, அகல் – அகற்று என்றாற்போல இணைவினைகள் உள்ளன. கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்து விளக்கினார். 'திரும்பியோர்' என்பது இயங்குவினையடியாகப் பிறந்த பெயர். செயல் அவர்களிடத்திலேயே தோன்றி அவர்களிடத்திலேயே முடிவதாக அது காட்டுகிறது. அனுப்பியவர் எவர் என்ற வினாவுக்கு அத்தொடரில் இடமே இல்லை. 'திருப்பி அனுப்பப்பட்டோர்' எனின் அனுப்பியவர் ஒருவர் உண்டு என்பது வெளிப்படும்.

நிகழ்ந்தது எது என்பதை நோக்கினால் எந்த வினை பொருந்தும் என்பது தெளிவாகும். இந்தியக் குடியுரிமையை வேண்டியவர்களைவிட இலங்கைக் குடியுரிமையை வேண்டியவர்களே மிகுதி. உடன்பாட்டை நிறைவேற்றிய 1967ஆம் ஆண்டுச் சட்டம், 7 பேர் இந்தியாவுக்கெனின் 4 பேர் இலங்கைக்கு என்ற விகிதத்தில் இயங்கியது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றவர், தாம் பிறந்த தோட்டத்திலேயே அயல்நாட்டவரானார். தங்கும் அனுமதிக் காலம் முடிந்ததும் அவர் வெளியேற வேண்டும். 'தாமாக விண்ணப்பித்தார்' என்ற தொடர் ஆவணத்தின்படி உண்மை. இலங்கையில் உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை இழந்தவர் செய்த தேர்வு அது என்பதை அத்தொடர் கூறுவதில்லை. பின்னர்ப் பிறந்த குழந்தைகளை உடன்பாடு 'இயற்கைப் பெருக்கம்' என்ற கணக்கியல் தொடரால் குறித்து, அந்தந்த நாட்டுப் பங்கோடு சேர்த்தது.

இவ்வாறு வந்தவர்களுள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அரசின் 'டான்டீ' தேயிலைத் தோட்டங்கள் இவர்களது மறுவாழ்வுக்கென்றே தொடங்கப்பட்டவை. 1969இல் தோன்றிய ரெப்கோ வங்கியின் பெயரில் முதற்சொல்லே தாயகம் திரும்பியோரைக் குறிப்பதாகும். தாயகத்தில் அண்டை வீட்டார் இவர்களை அழைத்த பெயரோ 'சிலோன்காரர்' என்பது. ஆட்சிமொழி இந்தியாவைத் தாயகம் என்றது. மக்கள்மொழி இவர்களைச் சிலோனுக்கு உரியவர் என்றது. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவரே இந்தியாவில் 'சிலோன்காரர்' ஆயினர். இரு நாடுகளிலும் இவர்களுக்கு வாய்த்த பெயர் மற்ற நாட்டின் பெயரே.

8. பெயர் மாற்றமும் நிலை மாற்றமும்

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரித்துக் கணக்கிட்டது. வழக்கில் இழிபெயர்களும் வழங்கின. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தோரைக் குறித்த 'கள்ளத்தோணி' என்ற சொல், சிங்களத்திலும் புகுந்து, பதிவுடன் வந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள்மீதும் ஏவப்பட்டது. இவற்றுக்கு மாற்றாக அம்மக்கள் தாமே ஏற்றுக்கொண்ட பெயர் 'மலையகத் தமிழர்'. முன்னோர் வந்த இடத்தைக் குறிக்காமல் தாம் வாழும் இடத்தைக் குறிப்பது இதன் சிறப்பு.

1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து போரினால் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் பயணத்துக்குக் காத்திருந்தோர் அங்கேயே தங்க நேர்ந்தது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவரும் இந்திய வமிசாவளியினர்க்கும் அவர் வழிவந்தோர்க்கும் குடியுரிமை வழங்கியது. 1948இல் எழுந்த வினாவுக்கு விடைகிடைக்க 55 ஆண்டுகள் ஆயின. அவ்விடை வாழிடத்தை அடிப்படையாகக் கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1983க்குப் பின் போருக்குத் தப்பிப் படகில் தமிழகம் வந்தவர்களுள்ளும் மலையகத் தமிழர் உண்டு. அவர்கள் தாயகம் திரும்பியோர் எனக் கருதப்படவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் வரையறை, உரிய ஆவணமின்றி நுழைந்தவர் பதிவாலோ நீண்டகால வாழ்வாலோ குடியுரிமை பெறுவதைத் தடுக்கிறது. குடியேறியும் குடியாக இயலாதவர் என்பதே அச்சொல்லின் விளைவு. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வமிசாவளித் தமிழர் சிலரின் வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு பணித்தது. 2021இல் தமிழக அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் கனிவுற்றது, அதனால் மட்டும் முகாமில் வாழ்வோரின் சட்டநிலை மாறிவிடவில்லை. ஒரே குடும்பத்தில் 1970களில் வந்த மூத்தவர் இந்தியக் குடிமகனாகவும், 1990களில் வந்த இளையவர் அகதியாகவும் இருத்தல் கூடும். அவர்களைப் பிரிப்பது வந்த காலமும் கையிலிருந்த தாளுமே.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, திட்டம், சான்றிதழ், நிறுவனம் ஆகியவற்றின் பெயரில் 'தாயகம் திரும்பியோர்' என்ற தொடர் வருமிடத்து அதனை மாற்றலாகாது. வேலைவாய்ப்பு, கடன், மனை முதலியவற்றுக்கான உரிமை அத்தொடரையே பற்றிநிற்கக்கூடும். பொருத்தமான சொல்லைத் தேடி மொழிபெயர்ப்பாளர் செய்யும் திருத்தம் ஒருவரது உரிமையைக் கெடுத்துவிடலாம். ஆனால் வரலாற்றையும் செய்தியையும் எடுத்துரைக்கும் பகுதிகளில் அத்தொடரைத் தம் கூற்றாகக் கொள்ளாமல், 'உடன்பாட்டின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர்' என எழுதுவதே நேரிது.

இரண்டாவதாக, அகதி, தாயகம் திரும்பியோர், நாடற்றவர், குடியேறி ஆகியவை ஒருபொருட் பன்மொழி அல்ல. நடையழகு கருதி ஒன்றனுக்கு மற்றொன்றை மாற்றி வழங்குதல் சட்டநிலைகளை மயங்கச்செய்யும். இந்தியக் குடிமக்களாக வந்தவர்களை அகதிகள் என எழுதுவது, அவர்கள் பெற்ற ஒரே உரிமையையும் அவர்களிடமிருந்து எழுத்தளவில் பறிப்பதாகும்.

மூன்றாவதாக, ஒரு சொல்லை ஏற்குமுன் அதனை எதிர்மறையாக்கிப் பார்த்தல் பயனுடைய சோதனை. எதிர்மறையிலும் நீங்காது நிற்பது எதுவோ அதுவே அச்சொல்லின் முற்கோள். அது மெய்ப்பிக்கப்பட்டதா அன்றி வழக்கிற்குரியதா என்பதை ஆய்ந்தபின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். குடியுரிமை பற்றிய சொற்களில் இது இன்றியமையாதது. ஏனெனில் இங்கு மறுக்க இயலாது நிற்கும் முற்கோள், ஒருவர் தாம் பிறந்த ஊரில் இருப்பதா வெளியேறுவதா என்பதை முடிவு செய்துவிடுகிறது.